தானே அணையும் கணிப்பொறி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

முற்றிலும் செயலிழந்துவிட்ட கருவியைப் பழுது பார்ப்பது எளிது. இடையிடையே செயலிழக்கும் கருவியைப் பழுது பார்ப்பதே கடினம். அறவே எரியாத விளக்கில் இழை அறுந்திருக்கும், கண்ணால் கண்டுவிடலாம். எரிந்தும் அணைந்தும் விளையாடும் விளக்கிலோ பழுது பல்பிலா, ஹோல்டரிலா, சுவிட்சிலா, சுவருக்குள் ஓடும் கம்பியிலா என்று நாள் முழுதும் தேட வேண்டியிருக்கும். பழுது பார்ப்பவர் வந்து நிற்கும்போது மட்டும் அது ஒழுங்காக எரியும் என்பது தனிச் செய்தி.

மேசைக் கணிப்பொறிக்கு வரும் கோளாறுகளுள் இவ்வகையைச் சேர்ந்தது ஒன்று உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும்போதே, எவ்வித முன்னறிவிப்பும் இன்றி, அது தானாக அணைந்துவிடும். மறுபடி பொத்தானை அழுத்தினால் சில வேளை ஓடும். சில வேளை ஓடாது. வைரஸ் என்பார் ஒருவர். சூடு என்பார் மற்றொருவர். மதர்போர்டு போய்விட்டது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் நடக்கக் கூடியவையே. ஆனால் நம் முன்னே இருக்கும் இந்த ஒரு கணிப்பொறியில் நடந்தது எது என்று எவ்வாறு அறிவது? நமது துறை ஆய்வகக் கணிப்பொறியில் இக்கேள்விக்கு விடை தேடிய முறையை இங்கே எழுதுகிறேன். மின்னணுவியல் தாளில் நாம் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் சில செய்திகள் எங்கே உயிர் பெறுகின்றன என்பதையும் நண்பர்கள் காணலாம்.

அந்தக் கணிப்பொறி பதினோராண்டுப் பழையது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அளவீட்டுக் கருவியை அதனோடு இணைக்கும் அட்டை பழைய வகைப் பொருத்துவாயில் மட்டுமே பொருந்தும். இன்று விற்கும் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அவ்வாய் இல்லை. எங்கள் வகுப்பில் எட்டுப் பேருடைய புராஜெக்ட் அந்த அட்டையை நம்பியிருந்தது. அளவீடுகளும் அதன் ஹார்டு டிஸ்கிலேயே இருந்தன. டிசம்பர் மாதத்தில் கோளாறு தொடங்கியது. பிப்ரவரியில் புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும்.

ஊரில் உள்ள கடை ஒன்றுக்கு முதலில் எடுத்துச் சென்றோம். கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பன்னிரண்டு வோல்ட் சரியாகத் தருகிறது என்றார். பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டார், அணையவில்லை. மறுநாட்காலை அவர் கடையைத் திறந்து போட்டபோது அணைந்தது. “போர்டு போச்சு தம்பி. இந்த மாடல் இப்ப வர்றதில்லை. போர்டு மாத்தினா பிராசசர், ரேம் எல்லாமே மாத்தணும். புது மெஷினே வாங்கிடுங்க” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கடையில் வரிசையாகப் பத்துப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்க அவருக்கு எங்கே நேரம்? எங்களுக்கு இருந்தது. செய்தியைக் கேட்ட பேராசிரியர், “முடிவைச் சொல்லிவிட்டார், காரணத்தைச் சொன்னாரா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்று மாலையே பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

செய்த முதல் வேலை பழுது பார்ப்பது அன்று. ஹார்டு டிஸ்கைக் கழற்றி, வேறொரு கணிப்பொறியில் பொருத்தி, எட்டுப் பேருடைய அளவீடுகளையும் படியெடுத்து வைத்தோம். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அற்றுப் போனால் கோப்பு கெடக்கூடும். நூறு முறை அணையப் போகிற பெட்டியில் அந்த வேலையை விட்டுவைக்கலாகாது.

அணைப்பவர் யார்?

கணிப்பொறி தானாக அணைகிறது என்று சொல்கிறோம். உண்மையில் யாரோ ஒருவர் அணைக்கிறார். அந்த யாரோ மூவருள் ஒருவராகத்தான் இருக்க முடியும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்றிருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். தானே கையை விரித்திருக்கலாம். அல்லது மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு “நிறுத்து” என்று கட்டளை கொடுத்திருக்கலாம். இதைப் புரிந்துகொள்ள அப்பெட்டியின் அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும்.

நம் ஆய்வகத்தில் உள்ள பேட்டரி எலிமினேட்டரில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் முதலில் கனத்த மின்மாற்றிக்குள் சென்று குறைகிறது, பின்னரே திருத்தப்படுகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வரிசை வேறு. 230 வோல்ட் வந்தவுடனேயே டையோடுகளால் திருத்தப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாகிறது. 230ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். அந்த நேர்மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. அதிர்வெண் அவ்வளவு உயர்ந்துவிடுவதால் உள்ளங்கையில் அடங்கும் சிறு மின்மாற்றியே போதுமானதாகிறது. வெளிவரும் மின்னோட்டத்தை மீண்டும் திருத்தி, மின்தேக்கிகளாலும் கம்பிச்சுருள்களாலும் மேடுபள்ளம் நீக்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று கணிப்பொறிக்கு வழங்குகிறது. மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கருப்பு பொதுமுனை. (அண்மையில் வரும் சில பெட்டிகளில் எல்லாக் கம்பியும் கருப்பு, அவற்றில் முனையின் இடத்தைக் கொண்டே அறிய வேண்டும்.)

இவையன்றி மூன்று கம்பிகள் நம் துப்பறியும் வேலைக்கு வேண்டியவை. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில், கணிப்பொறியின் முன்புறப் பொத்தான் மின்சாரத்தை நேரே இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை. அது மதர்போர்டுக்குச் செய்தி சொல்கிறது. மதர்போர்டு பச்சைக் கம்பியைக் கருப்போடு சேர்ப்பதுபோலத் தாழ்நிலைக்குக் கொண்டுவருகிறது. அதைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். ஓடத் தொடங்குகிறது. ஆகவே பச்சைக் கம்பி மதர்போர்டின் கட்டளை. எஸ்.எம்.பி.எஸ். ஓடத் தொடங்கி எல்லா மின்னழுத்தமும் நிலைபெற்ற பின்னர், 100 முதல் 500 மில்லிவினாடிக்குள், சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட் தோன்றும். “என் பக்கம் எல்லாம் நலம்” என்று எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு அனுப்பும் சேதி அது. ஊதாக் கம்பியோ கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். அணைந்த கணிப்பொறியில் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல கணிப்பொறிகளில் அது இந்த ஊதாக் கம்பியின் தயவு.

எங்கள் கணிப்பொறி அணையும்போது மவுஸ் விளக்கு அணையவில்லை. சுவர் மின்சாரம் முற்றாக நின்றிருந்தால் அதுவும் அணைந்திருக்கும். நொடிக்குள் வந்து போகும் தாழ்வாக இருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, அதே பலகையில் மேசை விளக்கு ஒன்றில் பழைய இழை பல்பைப் போட்டு எரியவிட்டோம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மின்னழுத்தம் தாழ்ந்தாலும் பல வகைகள் ஒரே சீராக எரியும். கணிப்பொறி அணைந்த எந்த வேளையிலும் அந்த இழை பல்பு கண் சிமிட்டவில்லை. யு.பி.எஸ்.ஸை விலக்கி நேரே இணைத்தும் பார்த்தோம், மின்கம்பியையும் மாற்றினோம். பயனில்லை. முதலாமவர் விடுதலை பெற்றார்.

நோட்டுப் புத்தகம்

ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கணிப்பொறியின் பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். யார் பயன்படுத்தினாலும் எப்போது ஓட்டினோம், என்ன வேலை செய்தோம், எப்போது அணைந்தது, எத்தனை முறை அழுத்திய பின் மீண்டும் ஓடியது என்று எழுத வேண்டும். இக்கட்டுரையில் நான் கூறும் கருவிகள் அனைத்திலும் விலை குறைந்தது இந்த நோட்டு. மிகுதியாக உதவியதும் இதுவே.

பத்து நாட்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. காலை ஒன்பதரை மணிக்கு முதன்முதலாக ஓட்டும்போது ஒரே அழுத்தில் ஓடாது. இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டும். ஓடினாலும் முதல் கால் மணி நேரத்திற்குள் அணையும். இவ்வாறு இரண்டு முறை அணைந்து எழுந்த பின், பிற்பகல் முழுவதும் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். பெருங்கணக்கு ஒன்றைத் திடீரென்று தொடங்கும் வேளையில் மட்டும் எப்போதாவது அணையும். திங்கட்கிழமைக் காலைகள் மற்றெல்லாவற்றிலும் மோசம். கடைக்காரரிடம் பிற்பகலில் ஒழுங்காக ஓடியதும், மறுநாட்காலையில் அணைந்ததும் இந்த ஒழுங்கில் அப்படியே அடங்கின.

வெப்பந்தான் காரணம் என்றால் இதற்கு நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். தூசி அடைத்து, விசிறி தளர்ந்து, வெப்பப் பசை உலர்ந்துபோன கணிப்பொறி காலைக் குளிரில் நன்றாக ஓடும். சூடேறச் சூடேறத் திணறும். மேலும், இன்றைய பிராசசர்கள் சூடு மிகுந்தால் உடனே அணைவதில்லை. 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய எல்லையை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் அடங்காவிட்டால்தான் அணைக்கச் சொல்கின்றன. ஆகவே வெப்பத்தால் அணையும் கணிப்பொறி அணைவதற்கு முன் மந்தமாகும். எங்களுடையது மந்தமாகவில்லை. வெப்பநிலை காட்டும் நிரலில் பார்த்தபோது கடும் வேலையிலும் 64 டிகிரியைத் தாண்டவில்லை. தூசியைத் துடைத்து வைத்தோம். அது நல்லதுதான், ஆனால் நோய் அது அன்று.

வைரஸ், விண்டோஸ், ஹார்டு டிஸ்க் ஆகிய மூவரையும் ஒரே அடியில் விசாரித்துவிடும் வழி ஒன்று உண்டு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்னும் நிரல், விண்டோஸின் துணையின்றி ஒரு பென் டிரைவிலிருந்தே ஓடும். ஹார்டு டிஸ்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மாலையில் இந்நிரலை ஓட்டினோம். இரவு முழுவதும் ஓடியது. ரேமில் பிழை ஒன்றும் காட்டவில்லை. காவலரிடம் சொல்லிவிட்டு மறுநாள் அதிகாலையில் அணைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் ஓட்டினேன். ஏழாவது நிமிடத்தில் அணைந்தது. விண்டோஸே இல்லாத இடத்தில் விண்டோஸ் எப்படி அணைக்கும்? வைரஸ் எங்கே குடியிருக்கும்? அவர்களும் போனார்கள். ரேம் பழுதானால் பெரும்பாலும் திரை நீலமாகும், அல்லது கணிப்பொறி உறைந்து நிற்கும், அல்லது மீண்டும் தொடங்கும். விசிறி உட்பட மொத்தமாக அடங்கிப் போவது அரிது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. விண்டோஸ் தன் நாட்குறிப்பில் “கெர்னல் பவர், எண் 41” என்று எழுதி வைத்திருப்பதைக் கண்டு, ‘பவர் என்று போட்டிருக்கிறது, ஆகவே எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவோர் பலர். சென்ற முறை முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதுதான் அவ்வரியின் பொருள். யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். அதனுள் இருக்கும் பிழைக் குறியீட்டு எண் சுழியமாக இருந்தால், நீலத்திரை எதுவும் பதிவாகாமல் நின்றது என்று கொள்ளலாம். அதற்குமேல் அதனிடம் கேட்பது வீண்.

முன்புறப் பொத்தானும் விசாரணைக்குத் தப்பவில்லை. ஏ.டி.எக்ஸ். கணிப்பொறியில் அந்தப் பொத்தானை நான்கு வினாடி தொடர்ந்து அழுத்தினால் மதர்போர்டு அணைத்துவிடும். பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால் யாரும் தொடாமலேயே இது நடக்கும்! பொத்தானின் இரு கம்பிகளை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஓட்டினோம். அப்போதும் அணைந்தது. மதர்போர்டைக் கழற்றி அதன் பின்னால் திருகாணி ஏதேனும் விழுந்து கிடக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. இவ்விரண்டும் ஐந்து நிமிட வேலை. ஆனால் இவற்றைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

பச்சைக் கம்பியின் சாட்சியம்

எஞ்சியவர் இருவர்: மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும். கடைக்காரர் முன்னதைக் குற்றவாளி என்றார். இருவரில் யார் முதலில் கைவிட்டார் என்பது ஒரு சில மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும் நிகழ்ச்சி. கண்ணுக்கும் எட்டாது, மல்டிமீட்டருக்கும் எட்டாது. ஆனால் நம் துறையில் சி.ஆர்.ஓ.வுக்கு அடுத்தபடியாக வாங்கிய சேமிப்பு வகை அலைகாட்டி இருக்கிறது. ஒரே ஒரு முறை நிகழ்ந்து மறையும் மாற்றத்தைப் பிடித்துத் திரையில் நிறுத்தி வைக்கக் கூடியது அது. பேராசிரியர் அவர்கள் அருகிலிருக்க, அதன் ஒரு வாயைப் பச்சைக் கம்பியிலும் மறு வாயைச் சாம்பல் கம்பியிலும் பொருத்தி, சாம்பல் கம்பி 5 வோல்ட்டிலிருந்து விழும் கணத்தில் படம் பிடிக்கும்படி அமைத்தோம்.

மதர்போர்டு அணைக்கச் சொல்லியிருந்தால் பச்சைக் கம்பி முதலில் மேலே எழ வேண்டும்; அதன் பிறகே சாம்பல் கம்பி விழ வேண்டும். காலை 9.48க்குக் கணிப்பொறி அணைந்தது. திரையில் சாம்பல் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. அந்தக் கணத்தில் பச்சைக் கோடு தாழ்நிலையிலேயே கிடந்தது. அதாவது மதர்போர்டு கடைசி வரையில் “ஓடு, ஓடு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து முறை பிடித்தோம். ஐந்திலும் இதே காட்சி. “போர்டு பிழைத்தது” என்றார்கள் பேராசிரியர். எட்டுப் பேரும் அன்று ஆய்வகத்தில் இருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நியாயமான ஐயம் இங்கே எழும். மதர்போர்டிலோ வேறெங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சி இழுக்கப்பட்டாலும் எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுமே? உண்மை. ஆகவே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கணிப்பொறியிலிருந்து பிரித்துத் தனியாகச் சோதிப்பது அவசியமாயிற்று.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சுமையில்லாமல் சோதனை செய்வதில் பொருளில்லை. வெறுங்கையோடு நடப்பவனைப் பார்த்து மூட்டை தூக்குவான் என்று சொல்வதுபோல் ஆகும். மெக்கானிக் கடையிலிருந்து 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி வந்தோம். 55ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.6 ஆம்பியர், நல்ல சுமை. பல்பை மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையில் இணைத்து, பச்சைக் கம்பியைக் கருப்போடு சேர்த்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஓட்டினோம்.

மல்டிமீட்டர் காட்டியது 11.74 வோல்ட். ஏ.டி.எக்ஸ். முறையில் 12 வோல்ட் கம்பிக்கு 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதி, அதாவது 11.40 முதல் 12.60 வரை. ஆகவே எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. கடைக்காரர் கண்டதும் இதையே. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. அந்தச் சராசரிக்கு மேலும் கீழும் மின்னழுத்தம் எவ்வளவு துள்ளுகிறது என்பதை அது காட்டாது. நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறியிருக்கும் இந்தத் துள்ளலைத்தான் திருத்திகள் பாடத்தில் சிற்றலை என்று படித்தோம். 12 வோல்ட் கம்பியில் அது உச்சத்திலிருந்து உச்சம் வரை 120 மில்லிவோல்ட்டுக்கு மேற்படக் கூடாது. 5 வோல்ட், 3.3 வோல்ட் கம்பிகளில் 50.

அலைகாட்டியின் வாயை மாறுமின்னோட்ட நிலைக்கு மாற்றி மஞ்சள் கம்பியில் வைத்தோம். 410 மில்லிவோல்ட்! பல்பு எரிய எரிய, பெட்டி சூடேற ஏற, அந்த அலை மெல்லச் சுருங்கியது. இருபத்தைந்து நிமிடம் கழித்து 230. பெட்டியை அணைத்து ஆறவிட்டு மீண்டும் ஓட்டினால் மறுபடியும் 400க்கு மேல். கணிப்பொறியோ மதர்போர்டோ அருகிலேயே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் நாங்கள் எழுதிய காலை நேரத்து நோய், அலைகாட்டியின் திரையில் வரைபடமாக நின்றது.

கடைசிச் சோதனை மாற்றிப் பொருத்துவது. வேறொரு துறையிலிருந்து அதே வகை எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை அனுமதி பெற்று இரவல் வாங்கினோம். அதன் சிற்றலை 40 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதைப் பொருத்தியபின் நான்கு நாட்கள், காலையும் மாலையும், ஒருமுறைகூட அணையவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவர். ஆனால் கம்பிகளைக் கழற்றி மாட்டும்போதே தளர்ந்திருந்த இணைப்பு ஒன்று சரியாகிவிட்டிருக்கலாம் அல்லவா? ஆகவே ஐந்தாம் நாள் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மீண்டும் பொருத்தினோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் அணைந்தது. நல்ல கணிப்பொறி ஒன்றில் நம் பழுதான பெட்டியைப் பொருத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யவில்லை, கெட்ட எஸ்.எம்.பி.எஸ். சில வேளை மின்னழுத்தத்தை மிகையாக்கிப் பிறர் கணிப்பொறியையும் கொன்றுவிடும்.

மின்தேக்கியின் முதுமை

அந்தப் பெட்டிக்குள் கெட்டது எது? மாணவர்கள் தாமாக அதைத் திறக்கலாகாது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உள்ளே 325 வோல்ட் ஏறும் பெரிய மின்தேக்கிகள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பேராசிரியர் அவர்கள் ஒரு நாள் முழுதும் பிளக்கைப் பிடுங்கி வைத்து, பிறகு திறந்து, அம்மின்தேக்கிகளின் முனைகளில் மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதி செய்த பின்னரே எங்களை அருகில் விட்டார்கள்.

வெளியீட்டுப் பக்கத்தில் 2200 மைக்ரோபாரட் என்று அச்சிட்ட இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. மின்பகு திரவம் கொண்ட இவ்வகை மின்தேக்கியின் அலுமினியத் தலையில் சிலுவைபோலக் கீறல் இட்டிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அங்கே பிளந்துகொள்வதற்காக. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும். கழற்றி அளந்தபோது ஒன்று ஏறத்தாழ 700 மைக்ரோபாரட், மற்றது அதற்கும் கீழே.

கொண்மம் குறைந்தது பாதிக் கதைதான். மின்தேக்கிக்குள்ளேயே தொடர் மின்தடை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் திரவத்தின் வழியேதான் மின்னோட்டம் பாய வேண்டும். திரவம் உலர உலர அத்தடை உயர்கிறது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கும் இடத்தில் இத்தடைதான் சிற்றலையின் அளவைப் பெரிதும் முடிவு செய்கிறது. அத்திரவம் குளிர்ந்திருக்கையில் தடித்து, அயனிகள் மெதுவாக நகர்வதால் தடை மிகுதி. சூடானால் தடை குறையும். புதிய மின்தேக்கியில் இவ்வேறுபாடு தொல்லை தருவதில்லை. வயதான மின்தேக்கியில் மார்கழிக் காலையின் சிறு குளிரே போதும். துள்ளலின் அடிப்பள்ளம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காவல் சுற்று அனுமதிக்கும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. காவல் சுற்று நிறுத்திவிடுகிறது. பெருங்கணக்கைத் தொடங்கும்போது பிராசசர் மின்னோட்டத்தைச் சட்டென்று மிகுதியாக இழுப்பதும் அதே பள்ளத்தை ஆழமாக்கும். நோட்டில் இருந்த இரண்டு வகை அணைவுக்கும் இப்போது காரணம் ஒன்றே ஆயிற்று.

ஏன் உலர்ந்தது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மின்தேக்கியின் மேல் “105 டிகிரி” என்று அச்சிட்டிருக்கும்; அவ்வெப்பநிலையில் 2000 மணி நேரம் என்பது இவ்வகைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் ஆயுள்களுள் ஒன்று. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி. தூசி அடைத்து விசிறி மந்தமாகி 75 டிகிரி ஆனால் 16,000 மணி மட்டுமே. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள் என்றால் 1760 மணி. அதாவது ஒன்பது ஆண்டு. எங்கள் பெட்டிக்கு வயது பதினொன்று. பதினோராண்டில் அதன் விசிறியை ஒருவரும் துடைத்ததாகத் தெரியவில்லை. உள்ளே ஒரு தலையணைக்கான பஞ்சு இருந்தது.

எல்லா மின்தேக்கியும் முதுமையால் சாவதில்லை. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில், மின்பகு திரவத்தின் கலவை சரியில்லாத மின்தேக்கிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்து, உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, ஓரிரு ஆண்டிலேயே உப்பி வெடித்தன. உலகெங்கும் மதர்போர்டுகள் பாழாயின. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணிப்பொறிகளைச் சரிசெய்வதற்கென 2005இல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் வைத்தது. ஒரு மின்தேக்கியின் விலையோ சில ரூபாய்.

உப்பிய இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தால் போதாதா என்று கடைத்தெருவில் உள்ள வானொலி மெக்கானிக் ஒருவரிடம் கேட்டோம். அவரிடம் அதே அளவில் சாதாரண மின்தேக்கி இருந்தது; உயர் அதிர்வெண்ணுக்கென்று செய்யப்படும் குறைந்த உள்தடை வகை இல்லை. சாதாரண வகை அங்கே சூடேறிச் சில மாதங்களில் மீண்டும் உலரும். “இதைப் போட்டுக் குடுத்தா காசு வாங்கினதுக்கு எனக்கு மனசு வராது தம்பி” என்று அவரே சொல்லிவிட்டார். புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம். வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தரும் என்று ஒட்டியுள்ள அட்டவணையைப் படித்து வாங்கினோம். பிராசசர் உண்பது பெரும்பாலும் அந்தக் கம்பியிலிருந்துதான். புதிய கணிப்பொறிக்குக் கடைக்காரர் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பொருத்துவதற்கு முன் புதியதையும் ஹெட்லைட் பல்பில் மாட்டி அலைகாட்டியில் பார்த்தோம்: 35 மில்லிவோல்ட். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து எட்டுப் பேருடைய அளவீடும் தொடர்ந்து நடந்தது. நோட்டுப் புத்தகம் இன்னும் அதே கயிற்றில் தொங்குகிறது. அதில் கடைசியாக ஆய்வக உதவியாளர் அண்ணன் எழுதியிருப்பது, விசிறியைத் துடைத்த தேதி.